எளியது எது, சிக்கலானது எது? ஓர் அளவையியல் ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி மண்டூர்ப் பக்கம் போய் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பிக்கிறேன். ஒக்காமின் கத்தியைப் பற்றி (தேவையில்லாமல் எடுகோள்களைக் கூட்டாதே என்ற விதி) சொல்லிக்கொடுத்த அன்று வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "உயிர் பிரிக்க முடியாத ஒரே பொருள், அதுதான் எளிய விளக்கம்" என்கிறது ஒரு பக்கம். "மூளை சிக்கலானது, அந்தச் சிக்கல்தான் நனவு. இன்னும் கொஞ்சம் சிக்கலானால் ஃபோனுக்கும் நனவு வரும்" என்கிறது மற்றப் பக்கம். இரண்டு பேரும் என்னிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள். அடுத்த கிழமை சேர்ந்தாற்போல் இரண்டு பாடவேளை, 80 நிமிடம் கிடைக்கும். எப்படிக் கொண்டுபோவது?

பதில்:

டீச்சர், தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்தப் பக்கம் சொன்னாலும் தோற்ற பக்கம் வாயை மூடிக்கொள்ளும், யோசிப்பதையும் அதோடு விட்டுவிடும். முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. 'எளிமை' என்ற ஒரு சொல்லை இரண்டு பக்கமும் இரண்டு பொருளில் வைத்துக்கொண்டு மோதுகிறார்கள்.

பகுதிகள் இல்லாத பொருளை எளியது என்கிறோம். குறைந்த எடுகோளில் முடிந்துவிடும் விளக்கத்தையும் எளியது என்கிறோம். ஒன்று பொருளைப் பற்றியது. மற்றது அந்தப் பொருளைப் பற்றி நாம் சொல்லும் கதையைப் பற்றியது. ஒக்காமின் கத்திக்கு வேலை இரண்டாவதில் மட்டும்தான். பொருள் எளியதென்றால் விளக்கமும் எளியதாகிவிடும் என்று விதி எதுவும் இல்லை, பல நேரம் தலைகீழாகத்தான் நடக்கிறது. மனத்துக்குப் பகுதி இல்லை, உடம்புக்கு உண்டு, ஆகவே இரண்டும் வேறு என்று 1641இல் டெக்கார்ட் வாதாடினார். பொருள் அளவில் அதைவிட எளிமை கிடையாது. 1643இல் பொஹீமிய இளவரசி எலிசபெத் அவருக்கு எழுதிக் கேட்டது ஒரு கேள்விதான்: இடத்தை அடைக்காத ஒன்று இடத்தை அடைக்கும் உடம்பை எப்படி அசைக்கும்? டெக்கார்ட் மாறி மாறிப் பதில் எழுதினார். இளவரசி திருப்திப்படவில்லை. பொருளில் மிச்சம் பிடித்ததை விளக்கத்தில் செலவழிக்க வேண்டிவந்தது.

மற்றப் பக்கத்துக்கும் இதே கணக்குத்தான். "மூளை மட்டும் போதும்" என்பவர்கள் பொருட்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள், சரி. ஆனால் நரம்புக் கலங்களின் மின்துடிப்பு எந்த இடத்தில் வலியாகவும் நிறமாகவும் ஆகிறது என்பதற்கு ஒரு பாலம் போட வேண்டும். அந்தப் பாலமும் ஓர் எடுகோள். கணக்கில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒக்காமை ஆன்மாவின் எதிரியாக நினைக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர் 14ஆம் நூற்றாண்டுப் பிரான்சிஸ்கன் துறவி. பொருள்மயமற்ற, அழியாத ஆன்மாதான் நமக்குள் சிந்திக்கிறது என்பதைத் தர்க்கத்தாலோ அனுபவத்தாலோ நிறுவ முடியாது, விசுவாசத்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றவர். தன் கத்தியால் ஆன்மாவை வெட்டவும் இல்லை, தர்க்கத்தைக் கொண்டு அதற்கு வேலி கட்டவும் இல்லை. முதல் பத்து நிமிடத்துக்கு இவ்வளவும் போதும். கரும்பலகையில் இரண்டு தலைப்புப் போட்டு, பிள்ளைகள் போன கிழமை சொன்ன வாதங்களை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அவர்களிடமே கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தலைப்பின் கீழ் போட்டிருந்தோம் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

'சிக்கல்' இதைவிடக் கள்ளச் சொல். களவெட்டியில் சிதறிக் கிடக்கும் நெல்மணிகளை நினையுங்கள். ஒவ்வொரு மணியும் எங்கே கிடக்கிறது என்று எழுதப் போனால் கொப்பி கொப்பியாக எழுத வேண்டும். ஒரு வெறும் பன்பாயைச் சொல்ல ஒரு வரி போதும்: ஒன்று மேலே, ஒன்று கீழே, முடியும்வரை. பூவும் பேரும் போட்டுப் பின்னிய பாய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விவரணையின் நீளத்தை மட்டும் சிக்கல் என்று எடுத்தால் சிதறிய நெல்லுக்குத்தான் முதலிடம். அதற்கு நனவு உண்டென்று உங்கள் வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே "சிக்கலே நனவு" என்பவர், எந்தச் சிக்கல் என்று சொல்லியாக வேண்டும்: பகுதிகளின் எண்ணிக்கையா, விவரணையின் நீளமா, பகுதிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் விதமா?

எளிய விதியிலிருந்து சிக்கல் எப்படிப் பிறக்கிறது என்பதை வாயால் சொன்னால் ஏறாது, கையால் செய்ய வேண்டும். ஜோன் கொன்வே என்ற கணிதவியலாளர் கண்டுபிடித்து 1970இல் வெளியான விளையாட்டு ஒன்று உண்டு. அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் சீமெந்துத் தரையில் சோக்கால் 12க்கு 12 கட்டம் போட வையுங்கள். ஒரு கட்டம் 8 சென்ரிமீற்றர் இருந்தால் கை இடிபடாது. குழுவுக்கு 30 புளியங்கொட்டை, 15 சோளமணி. கச்சான் வேண்டாம், பாதி ஆட்டத்தில் தின்று முடித்துவிடுவார்கள்.

கொட்டை இருக்கும் கட்டத்துக்கு உயிர் உண்டு, வெறுங்கட்டத்துக்கு இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றிவர எட்டு அயல் கட்டங்கள். உயிருள்ள கட்டத்துக்கு அயலில் இரண்டோ மூன்றோ உயிர் இருந்தால் அது பிழைக்கும், குறைந்தாலும் கூடினாலும் சாகும். வெறுங்கட்டத்துக்கு அயலில் சரியாக மூன்று இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். விதி இவ்வளவுதான், ஒரு தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம்.

மேல் இடது மூலையில் ஓரமாக ஒரு வரியும் ஒரு நிரலும் விட்டு, ஒரு 3க்கு 3 சதுரத்தை எடுங்கள். மேல்வரியில் நடுவில் ஒரு கொட்டை, இரண்டாம் வரியில் வலது ஓரத்தில் ஒன்று, மூன்றாம் வரியில் மூன்று. ஆக ஐந்து. இப்போது எண்ண வேண்டும். மேல்வரிக் கொட்டைக்கு அயலில் ஒன்றுதான், அது சாகும். மூன்றாம் வரியின் இடது ஓரத்துக்கும் ஒன்றுதான், அதுவும் சாகும். மற்ற மூன்றும் பிழைக்கும். இரண்டாம் வரியின் இடது ஓரத்திலும், மூன்றாம் வரியின் நடுக்கட்டத்துக்கு நேர் கீழேயும் புதிதாக ஒவ்வொன்று பிறக்கும். இரண்டு செத்து இரண்டு பிறந்து திரும்பவும் ஐந்து. இதேபோல் நான்கு சுற்றுப் போனால் முதலில் இருந்த அதே உருவம் வரும், ஆனால் ஒரு கட்டம் வலப்புறமும் ஒரு கட்டம் கீழேயும் நகர்ந்து. அடுத்த நான்கில் இன்னும் ஒன்று. மூலைவிட்டத்தில் நடந்தே போகும்.

பிழை விடும் இடம் ஒன்றுதான், அநேகமாக எல்லாக் குழுவும் அங்கே விழும். சாக வேண்டிய கொட்டையைக் கண்டவுடனே எடுத்துவிடுவார்கள். மேல்வரிக் கொட்டையை முதலே எடுத்துவிட்டால் இரண்டாம் வரியின் இடது ஓரத்துக்கு அயலில் இரண்டுதான் மிஞ்சும், அங்கே பிறக்க வேண்டியது பிறக்காது, உருவம் முதல் சுற்றிலேயே குலைந்துவிடும். சோளமணி இதற்குத்தான். பிறக்கப் போகும் கட்டத்தில் ஒரு சோளமணி வைக்க வேண்டும். சாகப் போகும் கொட்டைக்குமேல் ஒரு துண்டுச் சோக்கை வைக்க வேண்டும். 144 கட்டத்தையும் பார்க்கத் தேவையில்லை, கொட்டைகளையும் அவற்றைத் தொட்டிருக்கும் வெறுங்கட்டங்களையும் பார்த்தால் போதும். எல்லாம் எண்ணி முடிந்தபிறகுதான் ஒரேயடியாக மாற்ற வேண்டும். ஒருவர் எண்ண, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் மட்டும் கை வைக்கட்டும்.

அது நடக்கத் தொடங்கியதும் கேளுங்கள்: நடந்தது எது? எந்தக் கொட்டையும் ஊர்ந்து போகவில்லை. வைத்தார்கள், எடுத்தார்கள், அவ்வளவுதான். விதியில் 'நகர்தல்' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் நகரும் ஒன்று கண்முன்னே இருக்கிறது. "பகுதிகளில் இல்லாத எதுவும் முழுமையில் புதிதாகப் பிறக்காது" என்ற வாதம் இங்கே அடிபடுகிறது. இதே விதியை வைத்துப் பெரிய பலகையில் ஒரு முழுக் கணினியையே கட்டலாம் என்பதும் நிறுவப்பட்ட விஷயம். சிக்கல் கட்சிப் பிள்ளைகள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். தட்டட்டும், கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கும் கணக்கு வரும்.

அடுத்தது பத்து நிமிட வேலை. பன்னிரண்டு துண்டுத்தாளில் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொள்ளுங்கள்: முழு, நிலவு, இரவில், கல்லடிப், பாலத்தடியில், தோணித், துடுப்பில், காது, வைத்தால், மீன், பாடுவது, கேட்கும். பன்னிரண்டு பிள்ளைகளை நிறுத்தி ஆளுக்கொன்று மடித்துக் கொடுங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. ஒவ்வொருவரும் தன் சொல்லைத் தீவிரமாக நினைக்கட்டும். முழு வாக்கியத்தையும் இப்போது நினைத்துக்கொண்டிருப்பது யார்? ஒருவரும் இல்லை. நெருக்கி நிறுத்தினாலும் இல்லை. (கலைத்துக் கொடுக்க மறக்க வேண்டாம். வரிசையாகக் கொடுத்தால் நம் மட்டக்களப்புப் பிள்ளைகள் 'கல்லடிப்' என்றதுமே மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள்.) உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் சொன்ன உதாரணம் இது. துண்டு துண்டான உணர்வுகளைக் குவித்தால் ஒரு முழு உணர்வு வந்துவிடாது என்பது அவர் சொல்ல வந்தது. பிரிக்க முடியாத உயிர் என்ற பக்கத்துக்கு உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. "மூளையில் எத்தனை கலம் இருந்தாலும் வாக்கியத்தை முழுதாக அறிகிற ஒன்று வேண்டுமே?" என்று அவர்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இதற்கு எதிர்வாதம் கான்ட் 1781இல் வைத்தது. எண்ணம் ஒன்றாயிருக்கிறது என்பதால் எண்ணுகிற பொருளும் பகுதியற்ற ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆகாது. ஓர் உடலின் அசைவு அதன் பகுதிகள் எல்லாவற்றினதும் அசைவு சேர்ந்த ஒன்று. எண்ணமும் ஏன் அப்படி இருக்கக் கூடாது? கரைவலையை நினைக்கச் சொல்லுங்கள். இரண்டு கயிற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் அம்பா பாடி இழுக்கிறார்கள், மடி கரைக்கு வருவது ஒரே வருகைதான். அந்த ஒருமைக்கு இழுக்கிறவர் ஒருவராக இருக்கத் தேவையில்லை. உடனே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை மறுக்கும்: "வலை வருவதை வெளியே நிற்கிற நாங்கள் ஒன்றாகப் பார்க்கிறோம், வலைக்குத் தெரியுமா?" அந்தப் பிள்ளையின் மறுப்பைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். இன்றைக்கும் இந்த விவாதம் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

இந்து நாகரிகம் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் மெய்கண்டாரைக் கொண்டுவருவார்கள். அவருடைய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டென்று நிறுவ அடுக்கும் காரணங்களில் 'எனது உடல்' என்று சொல்கிறோம் என்பதும் ஒன்று. அளவையியல் வகுப்பில் அதைச் சோதிக்கலாம், தப்பில்லை: 'எனது உயிர்' என்றும் சொல்கிறோமே, அப்போது உடையவர் யார்? இதைவிட முக்கியமானது பலர் கவனிக்காத ஒரு விஷயம். சித்தாந்தத்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் சடம். அவை கருவிகள், அறிகிறவை அல்ல. ஆகவே சிந்திக்கும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம்பிடித்துக் காட்டுவதால் சித்தாந்தி அசைய மாட்டார். "கருவிதானே, வேலை செய்யட்டும்" என்பார். டெக்கார்டின் மனமும் சித்தாந்தத்தின் உயிரும் ஒன்றென்று நினைத்துப் பிள்ளைகள் எழுதினால் சிவப்பு மையைப் பாவியுங்கள். டெக்கார்ட் சிந்தனையை ஆன்மாவின் பக்கம் வைத்தார். சித்தாந்தம் அதற்கான கருவிகளைச் சடத்தின் பக்கம் தள்ளிவிட்டது.

"எனக்கு என் நனவு பிளவில்லாத ஒன்றாகத் தெரிகிறது" என்று சொல்பவருக்குக் கோடிட்ட கொப்பித் தாள் ஒன்று போதும். ஒரே கோட்டின்மேல் இடப்பக்கம் ஒரு சிலுவைக்குறி, அதிலிருந்து 8 சென்ரிமீற்றர் தள்ளி வலப்பக்கம் சோளமணி அளவில் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் சிலுவையையே பார்த்தபடி தாளை மெல்ல முகத்துக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். ஏறக்குறைய 30 சென்ரிமீற்றரில் புள்ளி காணாமல் போகும். போகவில்லை என்று சொல்பவரின் கண் தன்னையறியாமல் புள்ளிக்கு ஓடியிருக்கும், அல்லது தாள் சரிந்திருக்கும், அல்லது மூட வேண்டிய கண்ணை மாற்றி மூடியிருப்பார். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் குருட்டிடத்தில் ஒளியை வாங்கும் கலங்களே இல்லை. புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டையும் தெரியாது, கோடு தொடர்ந்து போவதாகவே தெரியும். நனவு தன்னைப் பற்றிக் கொடுக்கும் அறிக்கையில் அதன் கட்டுமானம் எழுதப்படுவதில்லை. ஒன்றாகத் தெரிவது ஒன்றாக இருப்பதற்குச் சான்றல்ல. ஆனால் 'ஒன்றாகத் தெரிகிறது' என்பதை யாராலும் மறுக்கவும் முடியாது. விளக்க வேண்டியதே அதுதான்.

இனிச் சிக்கல் கட்சிக்கு. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் என்று 2009இல் எண்ணினார்கள். அதில் 6,900 கோடி பிடரிப்பக்கம் கிடக்கும் மூளியில் (சிறுமூளையில்) இருக்கிறது, மூளைய மேற்பட்டையில் 1,600 கோடிதான். மூளி இல்லாமலே பிறந்து வளர்ந்தவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், ஆனால் நனவுக்குக் குறைவில்லை. ஐந்தில் நான்கு பங்கு கலம் போயும் நனவு போகவில்லை என்றால், எண்ணிக்கையைக் காட்டி வாதாட இடமில்லை. மூளியின் கலங்கள் ஒரே மாதிரியான சிறு கூறுகளாக, பக்கத்துக் கூறோடு அதிகம் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் வேலை செய்கின்றன. அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளைப் போல.

ஒரேயடியாக எல்லாம் சேர்ந்து துடித்தாலும் காரியம் ஆகாது. பெரிய வலிப்பு வந்தவரின் மூளையில் அப்படித்தான் நடக்கிறது, அவர் நினைவிழந்து கிடப்பார். 2013இல் வெளியான ஓர் அளவுமுறை இதை எண்ணாக்கியது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு ஒன்றால் மேற்பட்டையைத் தட்டி, எழும் மின் எதிரொலியைப் பதிந்து, கணினியில் கோப்பைச் சுருக்குவதுபோல் அதைச் சுருக்கிப் பார்க்கிறார்கள். விழித்திருப்பவரின் எதிரொலி பல இடத்துக்கும் பலவிதமாகப் பரவும், சுருங்க மறுக்கும். ஆழ்ந்த உறக்கத்திலும் மயக்க மருந்திலும் எதிரொலி தட்டிய இடத்திலேயே அடங்கும், அல்லது எல்லா இடத்திலும் ஒரே அலையாக எழும். இரண்டும் எளிதில் சுருங்கிவிடும். கனவு காணும் நேரத்தில் எண் மறுபடி உயரும். நனவு, கனவு, உறக்கம் என்று நம் முன்னோர் அவத்தைகளைப் பிரித்துவைத்திருந்ததால் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு எச்சரிக்கை: நனவு இருக்கிறதா இல்லையா என்று கண்டறியத்தான் இந்த அளவு உதவுகிறது. அந்த எண்தான் நனவு என்று அதற்குப் பொருளில்லை. காய்ச்சல்மானியைக் காய்ச்சல் என்று யாரும் சொல்வதில்லை.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒரு கொச்சிக்காய். கடிக்க வைக்க வேண்டாம், பெற்றோர் வருவார்கள். நினைத்தாலே போதும். அதிலுள்ள கப்சைசின் என்ற பொருள் நாவின் நரம்பு முனையில் ஒரு வாயிலைத் திறக்கிறது. ஏறக்குறைய 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூடும் அதே வாயிலைத்தான் திறக்கும். அதனால்தான் உறைப்பை 'எரியுது' என்கிறோம். 1997இல் இந்த வாயிலை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கப்சைசின் தண்ணீரில் நன்றாகக் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீருக்கு அடங்காத உறைப்பு எருமைத் தயிருக்கு அடங்குவது இதனால். ஏன் எரிகிறது, ஏன் கண் கலங்குகிறது, ஏன் தயிர் தேடுகிறோம், எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது, எரிகிறது என்று உள்ளே ஏன் ஒன்று உணரப்பட வேண்டும்? உணர்வே இல்லாமல் வாயில் திறந்து, கண் கலங்கி, கை தயிரை நோக்கி நீளலாமே? மெய்யியலாளர் டேவிட் சாமர்ஸ் 1995இல் 'கடின வினா' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். அப்படித் தனியாக ஒரு மிச்சம் இல்லவே இல்லை, இருப்பதாகத் தோன்றுவதே மூளையின் வேலை என்று இன்னொரு மெய்யியலாளர் டேனியல் டெனட் கடைசிவரை மறுத்தார். இரண்டையும் சொல்லுங்கள்.

இங்கே கொன்வே விளையாட்டுக்குத் திரும்ப வேண்டும். நடக்கும் உருவத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் விதியிலிருந்து பதில் வந்துவிடும், ஒன்றும் மிஞ்சாது. கொச்சிக்காயில் மிஞ்சுகிறது, அல்லது மிஞ்சுவதுபோல் தெரிகிறது. ஆகவே "புளியங்கொட்டையிலிருந்து நடை பிறந்ததுபோல் மூளையிலிருந்து நனவு பிறக்கிறது" என்று எழுதும் பிள்ளை ஒப்புமைப் போலி (பொருந்தாத ஒப்புமையால் வரும் தவறான வாதம்) செய்கிறது. பிறக்கவே முடியாது என்று எழுதும் பிள்ளை, இன்று தெரியாதது என்றும் தெரியாது என்ற போலியில் விழுகிறது. இரண்டுக்கும் புள்ளி குறைக்கலாம்.

ஃபோன் கேள்விக்குப் பதில் சுருக்கம்தான். நல்ல ஃபோனின் சில்லில் ஆயிரம் கோடிக்கு மேல் திரான்சிஸ்டர்கள் உண்டு. எண்ணிக்கை தீர்மானிக்காது என்று மூளியே காட்டிவிட்டது. எப்படித் தொடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று ஒரு கோட்பாடு சொல்லும், என்ன வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம் என்று இன்னொன்று சொல்லும், உயிருள்ள உடம்பு இல்லாமல் ஆகாது என்று மூன்றாவது சொல்லும். மூன்றுக்கும் மூன்று விடை. வீட்டு வேலையாக இதைக் கொடுங்கள்: தான் ஏற்காத பக்கத்துக்காக ஒரு பக்கம் எழுத வேண்டும், 'எளிமை', 'சிக்கல்' என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் அடைப்புக்குறிக்குள் எந்தப் பொருளில் என்று குறிக்க வேண்டும். அடைப்புக்குறி இல்லாத ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி வெட்டு.

புளியங்கொட்டையை இரண்டு நாள் முன்பே கழுவிக் காயவைத்துவிடுங்கள் டீச்சர். ஈரமாக இருந்தால் தரையில் போட்ட சோக்குக் கோடு அழியும், நாலாம் சுற்றில் எது எந்தக் கட்டம் என்று ஒரு குழுவுக்கும் தெரியாது.